பழங்கொடி ஷிராஸ்: இன்று சுவைத்து நாளையை எடைபோடுவது

தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஒரு நல்ல ஷிராஸ் ஒயினைச் சுவைத்து, பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. கருநீலம் கலந்த அடர்சிவப்பு, கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே எழும் பழவாசனை, வாயை நிறைக்கும் கனம். ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல ஒரு மடக்குப் போதும். ஆனால் நூறு வயதைக் கடந்த கொடிகளின் பழத்தில் செய்தது, பல ஆண்டுகள் வைத்துக் குடிக்கத்தக்கது என்று சொல்லி விற்கப்படும் பாட்டிலை எடைபோடும்போது கேள்வி மாறிவிடுகிறது. இப்போது எப்படி இருக்கிறது என்பதோடு, பதினைந்து வருடம் கழித்து இதில் என்ன மிஞ்சும் என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு நாக்கு தானாகவே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு அதைப் பழக்க வேண்டும். பழக்கக்கூடியதுதான், அதற்குப் பரம்பரை ஞானமோ அபூர்வமான மூக்கோ தேவையில்லை.

தேர்ந்தவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். அடிலெய்டைச் சேர்ந்த பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் தலைமை ஒயின் தயாரிப்பாளர் மாக்ஸ் ஷூபர்ட் 1950-இல் பிரான்சின் போர்தோவுக்குப் போனார். நாற்பது, ஐம்பது வருடங்கள் கழித்தும் உயிரோடு இருந்த ஒயின்களை அங்கே சுவைத்தார். ஊர் திரும்பி, உள்ளூரில் தாராளமாகக் கிடைத்த ஷிராஸ் திராட்சையைக் கொண்டு அதேபோல நீண்ட ஆயுளுள்ள ஒயினைச் செய்யத் தொடங்கினார். 1951-இல் முதல் சோதனை. அதுதான் இன்று உலகறிந்த கிரேஞ்ச். 1956-இல் சிட்னியில் நிறுவனத்தின் இயக்குநர்களும் ஒயின் அறிந்த பிரமுகர்களும் அதைச் சுவைத்தபோது ஏறக்குறைய எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1957-இல் தயாரிப்பை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. ஷூபர்ட் மூன்று அறுவடைகளுக்கு ரகசியமாகச் செய்துகொண்டிருந்தார். அதற்குள் முந்தைய பாட்டில்கள் முதிர்ந்து இளகின, மனங்களும் மாறின, 1960-இல் அனுமதி திரும்பியது. 1955 அறுவடையின் கிரேஞ்ச் 1962-இல் சிட்னி ஒயின் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது. ஒயினின் அடிப்படை வார்ப்பு அதேதான். 1956-இல் சுவைத்தவர்களுக்கு முரட்டுத் துவர்ப்பும் பீப்பாய் வாசனையும் அளவுக்கு மீறிய பழமும் மட்டுமே தெரிந்தன. அவற்றை இளக்கப்போகும் காலத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் அமெரிக்கச் சந்தையில் பரோசா ஷிராஸுக்குப் பெரும் மோகம் இருந்தது. திராட்சையைக் கொடியிலேயே மிகையாகப் பழுக்கவிட்டு, ஆல்கஹால் 15, 16 சதவீதத்தைத் தொடும் ஒயின்கள் வந்தன. முதல் மடக்கில் ஆளை வீழ்த்தும் அந்தக் கனத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறுகளின் மேற்பாதியில் மதிப்பெண்கள் விழுந்தன. அவற்றில் பல, பத்து ஆண்டுகளுக்குள் பழம் வற்றி, சூடும் இனிப்பும் மட்டும் மிஞ்சி நின்றன. செழுமை வேறு, ஆயுள் வேறு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். செழுமை முதல் நொடியில் தெரியும். ஆயுளைத் தாங்கும் எலும்புக்கூடு அந்தச் செழுமைக்குள் மறைந்திருக்கும். சுவைப்பவரின் வேலை அதைத் தேடுவது.

பாட்டிலுக்குள் நடப்பது என்ன?

சிவப்பு ஒயினின் நிறம் திராட்சைத் தோலிலிருந்து வரும் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளால் வருகிறது. துவர்ப்பு, தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்களால் வருகிறது. பீப்பாயிலும், பின்னர் பாட்டிலிலும், இவை இரண்டும் மெல்லமெல்ல ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. அப்போது நிறம் நிலைபெறுகிறது, துவர்ப்பின் முரடு தணிகிறது. மிகப் பெரிதாகிவிட்டவை ஒயினில் கரைந்திருக்க முடியாமல் அடியில் மண்டியாகப் படிகின்றன. கூடவே புதுப்பழ வாசனை குறைந்து, தோல், புகையிலை, உலர்ந்த அத்தி, ஈரமண், காளான் போன்ற முதிர்ந்த வாசனைகள் எழுகின்றன.

மாறாதவை எவை என்பதுதான் இதைவிட முக்கியம். புளிப்பு பாட்டிலில் கூடுவதில்லை. ஆல்கஹால் குறைவதில்லை. இல்லாத பழம் புதிதாக வருவதில்லை. காலம் துவர்ப்பை இளக்கும், வாசனையை மாற்றும், பீப்பாயின் தடத்தை ஒயினுக்குள் கரைக்கும், அதோடு சரி. இளமையில் சப்பென்று புளிப்பில்லாமல் இருக்கும் ஒயின் முதுமையிலும் சப்பென்றுதான் இருக்கும். இளமையில் தொண்டையைச் சுடும் ஆல்கஹால் முதுமையில் இன்னும் வெளிப்படையாகச் சுடும்; அதை மூடியிருந்த பழம் அதற்குள் மெலிந்திருக்கும். ஒரு குறையைக் கண்டால், ‘இது காலத்தால் தீரக்கூடியதா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் பாதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

கொடிகளின் வயது

அடிலெய்டுக்கு வடகிழக்கே, காரில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது பரோசா. 1842-இல் சைலீசியாவிலிருந்து வந்த ஜெர்மானிய லூத்தரன் குடும்பங்கள் பெத்தனி என்ற சிற்றூரை அமைத்தன. அடுத்த சில ஆண்டுகளிலேயே கொடிகள் ஊன்றப்பட்டன. லாங்மைல் நிறுவனத்தின் ‘ஃப்ரீடம்’ ஷிராஸ் தோட்டம் 1843-இலும், டர்க்கி ஃப்ளாட்டின் ஷிராஸ் 1847-இலும் நடப்பட்டவை. உலகில் இன்னும் காய்க்கும் மிகப் பழைய ஷிராஸ் கொடிகளின் வரிசையில் இவை இருக்கின்றன. ஷிராஸின் தாயகம் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு; அங்கே இவ்வளவு பழைய கொடிகள் இல்லை. 1860களிலிருந்து ஃபில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டித்தான் அவற்றை மீட்க முடிந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கும் அந்தப் பூச்சி வந்தது. தென் ஆஸ்திரேலியா 1899-இலேயே சட்டம் போட்டு, வெளியூர்க் கொடிகளுக்குக் கடும் தடை விதித்துத் தப்பியது. பரோசாவின் பழங்கொடிகள் இன்றும் தங்கள் சொந்த வேரில் நிற்பது அந்தக் கண்டிப்பால்.

பூச்சிக்குத் தப்பியவை சந்தைக்குத் தப்புவது எளிதாக இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இந்தப் பழங்கள் போர்ட் பாணி இனிப்பு ஒயினுக்குப் போயின. 1970களில் ஆஸ்திரேலியர்கள் வெள்ளை ஒயினுக்குத் திரும்பியதும் ஷிராஸை வாங்க ஆளில்லை. 1980களின் நடுவில் மாநில அரசே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. நூறு வயதுக் கொடிகளும் அதில் வேரோடு போயின. பீட்டர் லேமன், ராக்ஃபோர்டின் ராபர்ட் ஓ’காலஹன், சார்லி மெல்டன் போன்றவர்கள் பழைய தோட்டங்களின் பழத்தை நல்ல விலைக்கு வாங்கி, அந்த ஒயினுக்கு மதிப்பு உண்டாக்கியதால் மீதி பிழைத்தது. எனக்கு இது ஒயின் வரலாற்றின் துயரமான பக்கங்களில் ஒன்று. பிடுங்கிய இடத்தில் புதிய கொடியை ஒரே நாளில் நட்டுவிடலாம். நூறு வருடத்தை யாரும் நட்டுக் கொடுக்க முடியாது.

லேபிளில் ‘பழங்கொடி’ என்று போட ஆஸ்திரேலியச் சட்டத்தில் வயது வரம்பு இல்லை. இதை மனதில் வையுங்கள். பரோசாக்காரர்கள் 2009-இல் தாங்களாகவே ஒரு வகைப்பாட்டை ஏற்படுத்திக்கொண்டார்கள். 35 வயதைத் தாண்டியது ‘பழங்கொடி’, 70 தாண்டியது ‘தப்பிப் பிழைத்தது’, 100 தாண்டியது ‘நூற்றாண்டுக் கொடி’, 125 தாண்டியது ‘முன்னோர் கொடி’. தென்னாப்பிரிக்காவில் ரோசா க்ரூகர் தொடங்கிய பழங்கொடித் திட்டம் இன்னும் ஒருபடி மேல்: 35 வயது கடந்த தோட்டத்தின் ஒயினுக்கு, கொடி நட்ட ஆண்டைக் குறிக்கும் முத்திரையையே பாட்டிலில் ஒட்டுகிறார்கள். நட்ட ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லும் லேபிளை நான் நம்புவேன். வெறுமனே ‘பழங்கொடி’ என்று மட்டும் இருந்தால் அதற்காகக் கூடுதலாக ஒரு காசும் கொடுக்க மாட்டேன்.

வயதால் கொடிக்கு என்ன ஆகிறது? தண்டு பருத்து முறுக்கிக்கொள்ளும். தண்டிலும் வேரிலும் மாவுச்சத்துச் சேமிப்பு அதிகம். வேர்கள் பல்லாண்டுகளாக மண்ணுக்குள் இறங்கியிருப்பதால், பாசனம் இல்லாமலேயே வறண்ட கோடையைத் தாங்கும். காய்ப்பு குறையும், குலைகள் சிறுக்கும், மணிகளும் பெரும்பாலும் சிறியவை. மணி சிறிதானால் சாற்றின் அளவுக்குத் தோலின் பங்கு கூடுதல், அதனால் நிறமும் துவர்ப்பும் செறிவாக இறங்கும். இளங்கொடி நல்ல மழை ஆண்டில் தாறுமாறாகத் தழைத்துக் காய்த்துத் தள்ளும், வெயில் ஆண்டில் திணறும். முதிர்ந்த கொடி இரண்டு ஆண்டிலும் ஏறக்குறைய ஒரே நிதானத்தில் பழுக்கும். சர்க்கரை ஏறும் வேகமும் தோல் பக்குவப்படும் வேகமும் ஒன்றாகப் போவதால், மிகையாகப் பழுக்கவிடாமலே பக்குவமான பழத்தைப் பறிக்க முடிகிறது.

வயது ஒன்றே தரத்தைத் தருகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்குப் படுவது இது: நூறு வருடத்தில் பலமுறை பிடுங்கும் ஆபத்தைக் கடந்து ஒரு தோட்டம் நின்றிருக்கிறது என்றால், அந்த மண்ணும் அந்தக் கொடியும் முதலிலிருந்தே நன்றாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மோசமான தோட்டங்களை எப்போதோ பிடுங்கியிருப்பார்கள். ஆகவே கொடியின் வயதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாம், சான்றாக எடுக்கக்கூடாது. சான்றைக் கிளாஸுக்குள்தான் தேட வேண்டும்.

கிளாஸுக்கு முன்னால்

சூட்டைக் கவனியுங்கள். 16 முதல் 18 டிகிரி வரை இருந்தால் ஷிராஸ் தெளிவாகப் பேசும். சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் குடிக்க வேண்டும் என்ற பழைய பேச்சு, குளிர்நாட்டு வீடுகளின் அறையைக் குறித்தது. 30 டிகிரி அறையில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டுமே மேலெழும். ஒயின் கொழகொழவென்று தோன்றும். நல்லதைக்கூடத் தவறாகத் தள்ளிவிடுவீர்கள். அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். மிகக் குளிர்ந்தாலும் துவர்ப்பு கடுமையாகத் தெரியும், அதனால் அளவோடு. வாய் குறுகி அடி அகன்ற கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். இளம் ஒயினை ஒரு மணி நேரம் முன்பே அகன்ற குடுவைக்கு மாற்றிவிடலாம். பல ஒயின்களை ஒரே அமர்வில் ஒப்பிட்டால் துப்பிவிடுங்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். நான்காவது கிளாஸில் தீர்ப்பு மங்காதிருக்க அது ஒன்றே வழி.

பாட்டிலை ஒரு துணிப்பையால் மூடிவிட முடிந்தால் மிக நல்லது. கனமான கண்ணாடி, நட்ட ஆண்டு, விலை எல்லாம் மூக்குக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடும். 2001-இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினையே வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அதன் வாசனையை விவரிக்க அவர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எடுத்தார்கள். கண் பார்த்ததை மூக்கு ஆமோதித்தது. பயிற்சி பெற்றவர்களுக்கே இப்படி என்றால் மற்றவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நிறத்தைப் பார்க்க, வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து, ஓரத்தைக் கவனியுங்கள். இளம் ஷிராஸின் ஓரம் ஊதா. வயதாக ஆக மாணிக்கச் சிவப்பு, பிறகு செங்கல் நிறம். மூன்று வயதிலேயே ஓரம் பழுப்பேறியிருந்தால் ஒயின் அவசரமாக முதிர்கிறது என்று பொருள். நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். ஷிராஸ் இயல்பிலேயே அடர்ந்த நிறமுடையது. கிளாஸின் உட்சுவரில் இறங்கும் கோடுகளும் தரத்தைச் சொல்லாது, பெரும்பாலும் ஆல்கஹாலின் அளவைத்தான் காட்டும்.

மூக்கு

முதலில் சுழற்றாமல் முகருங்கள், பிறகு சுழற்றி. பழம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். கொடியிலிருந்து இப்போது பறித்தது போன்ற கரும்பழமா, பாகாகக் காய்ச்சியதா, உலர்ந்ததா? பழைய ஒயினில் உலர்திராட்சையும் பேரீச்சையும் மணந்தால் அது முதுமையின் அழகு. இரண்டு வயது ஒயினில் அதே வாசனை வந்தால் எச்சரிக்கை: பழம் கொடியிலேயே சுருங்கத் தொடங்கியபின் பறித்திருக்கிறார்கள், இனி குறைவதற்குப் புதுமை அதில் இல்லை.

புத்தகங்கள் சொல்லும் பிளாக்பெர்ரியையும் பிளாக்கரண்டையும் நீங்கள் தின்றதில்லை என்றால் அந்தச் சொற்களைக் கடன் வாங்கவே வேண்டாம். நாவல்பழம், பேரீச்சை, கருப்பட்டி, கிராம்பு, முதல் மழையின் மண், புதுச்செருப்பின் தோல் என்று உங்கள் மூக்கு அறிந்த பெயர்களையே எழுதுங்கள். குறிப்பு உங்களுக்குத்தான். ஆறு வருடம் கழித்துப் படிக்கும்போது அந்த வாசனையை அது மீட்டுக் கொடுத்தால் போதும்.

ஷிராஸில் சில நேரம் எழும் மிளகு வாசனை கற்பனை அல்ல. ரொட்டண்டோன் என்ற சேர்மம் அதற்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2008-இல் அறிவித்தார்கள். கருமிளகின் மணத்துக்கும் அதே சேர்மம்தான் காரணம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் அதை முகரவே முடியாது. ஆகவே பக்கத்தில் இருப்பவர் ‘மிளகு’ என்று சொல்லி உங்களுக்கு அது தெரியவில்லை என்றால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். குளிர்ந்த தோட்டங்களில் இந்த மணம் கூடும். பரோசாவின் சமதளத்தைவிட, அதற்குக் கிழக்கே உயரமான ஈடன் பள்ளத்தாக்கின் ஷிராஸில் மிளகும் மூலிகையும் அதிகம் தெரியும். ஹென்ஷ்கே குடும்பம் 1958 முதல் தனியாகப் பாட்டிலில் அடைக்கும் புகழ்பெற்ற ‘ஹில் ஆஃப் கிரேஸ்’ அங்கிருந்து வருவதுதான்.

பீப்பாயின் தடம் தனி. அமெரிக்க ஓக் மரம் தேங்காயும் வனிலாவும் தரும்; பிரெஞ்சு ஓக் கிராம்பும் வாட்டிய ரொட்டியும் தரும். பரோசாவின் பழைய மரபு அமெரிக்க ஓக். இளமையில் ஓக் சற்றுத் தூக்கலாக இருப்பது குற்றமில்லை, பழம் அதற்கு அடியில் தெளிவாக நின்றால் ஐந்தாறு வருடத்தில் அது உள்ளே கரையும். ஓக்கை விலக்கிப் பார்த்தால் பின்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றினால் அந்த ஒயினை வைத்துப் பயனில்லை.

கெட்டவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, தக்கையிலிருந்து வரும் கோளாறு. மிகமிகச் சிறு அளவே முழு பாட்டிலின் பழத்தையும் அமுக்கிவிடும். கடையில் கொடுத்து மாற்றலாம். நகப்பூச்சு நீக்கியின் நெடி, எளிதில் ஆவியாகும் அமிலங்களின் மிகுதி. குதிரைலாய நெடி, பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. துளியளவு இருந்தால் சிலருக்குப் பிடிக்கும், ஆனால் பாட்டிலில் அது வளரக்கூடும் என்பதால் நீண்ட நாள் வைக்க நினைக்கும் ஒயினில் அதை நான் மன்னிப்பதில்லை.

வாய்

தாராளமாக ஒரு மடக்கு எடுத்து, வாய் முழுக்கப் பரவவிட்டு, உதடுகளைக் குவித்துச் சற்றுக் காற்றை உள்ளே இழுங்கள். பத்து நொடி வைத்திருந்துவிட்டுத் துப்புங்கள் அல்லது விழுங்குங்கள். இந்தப் பத்து நொடியிலும் அதன் பின்னான நிமிடத்திலும்தான் எல்லாம் இருக்கிறது.

துவர்ப்பை நாக்கில் மட்டும் தேடாதீர்கள். மேல் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேடுங்கள். டானின்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்புப் போய், நாவல்பழம் தின்ற பின் வருவது போன்ற பிடிப்பு உண்டாகிறது. அளவைவிட அதன் நயம் முக்கியம். பொடிமணல்போல் நுண்ணியதாக, வாய் முழுக்கச் சமமாகப் பரவினால் நல்லது. ஓரிடத்தில் சொரசொரவென்று அப்பிக்கொண்டு கசப்போடு முடிந்தால், பழுக்காத விதையிலிருந்தோ ஓக்கிலிருந்தோ அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது. பழங்கொடி ஷிராஸின் பெருமை இங்கேதான் தெரியும்: துவர்ப்பு ஏராளமாக இருக்கும், ஆனால் பழத்தின் சதைக்குள்ளேயே பொதிந்திருக்கும், விழுங்கிய பிறகுதான் எவ்வளவு இருந்தது என்று ஈறு சொல்லும்.

புளிப்பை அறிய, துப்பிய பிறகு காத்திருங்கள். நாக்கின் இருபுறமும் எச்சில் ஊறினால் புளிப்பு இருக்கிறது. செழுமையான ஒயினில் பழமும் ஆல்கஹாலும் புளிப்பை மறைத்துவிடும், அதனால் வாயில் இருக்கும்போது அதைத் தேடி ஏமாற வேண்டாம். வெயில் மிகுந்த பரோசாவில் திராட்சையின் புளிப்பு வேகமாகக் குறையும். எனவே டார்டாரிக் அமிலத்தைச் சேர்ப்பது அங்கே சட்டப்படி ஆனது, பரவலான வழக்கமும் கூட. அளவோடு, நொதிக்கும் முன்பே சேர்த்தால் ஒயினோடு ஒன்றிவிடும். கடைசியில் அவசரமாகச் சேர்த்தால் பழம் ஒருபக்கம், புளிப்பு ஒருபக்கம் என்று இரண்டும் தனித்தனியே கிடக்கும், முடிவில் எலுமிச்சைக் கூர்மை ஒன்று குத்தும். இது காலத்தால் சேரக்கூடிய பிளவு என்று நான் நம்பவில்லை.

ஆல்கஹாலைப் பொறுத்தவரை லேபிளின் எண்ணைப் பார்த்துத் தீர்ப்பெழுத வேண்டாம். 14.5 சதவீதத்தில் சுடாத ஒயின் உண்டு, 13.5-இல் சுடுவதும் உண்டு. விழுங்கிய பிறகு நெஞ்சில் வெப்பம் தங்குகிறதா என்பதே சோதனை. சரியான சூட்டில் ஊற்றிய ஒயின் அப்படிச் சுட்டால் அது நிரந்தரக் குறை.

இனி, நான் மிக அதிகமாக மதிக்கும் இடத்துக்கு வருகிறேன். ஒயின் வாய்க்குள் நுழைந்ததற்கும் விழுங்குவதற்கும் நடுவிலான கணம். சாதாரண ஷிராஸ் ஒயின்கள் பல, முன்னால் இனிய பழமும் பின்னால் துவர்ப்புமாக இருக்கும். நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை ஓக்கின் இனிப்பால் மூட முயல்வார்கள். நல்ல பழங்கொடி ஒயினில் அந்த நடு நிறைந்திருக்கும். கனத்தால் அல்ல, சுவையின் தொடர்ச்சியால். ஒரு வாசனை மங்கும்போதே அடுத்தது எழும், இடைவெளி தெரியாது. இளமையிலேயே இது புலப்படும், எவ்வளவு மூடிய ஒயினாக இருந்தாலும். நான் பார்த்தவரை, ஆயுளுக்கு இதைவிட நம்பகமான அடையாளம் வேறு இல்லை.

பிறகு நீளம். விழுங்கியபின் சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்குக் கோதலி (caudalie) என்று ஓர் அலகே வைத்திருக்கிறார்கள். ஒரு நொடி ஒரு கோதலி. எண்ணிக்கையோடு, கடைசியாக நிற்பது எது என்றும் பாருங்கள். பழமும் மணமும் கடைசிவரை நின்றால் அது நீளம். பழம் மறைந்து துவர்ப்போ சூடோ ஓக்கோ மட்டும் நீண்டால் அதை நீளக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தீர்ப்பை எழுதுவது

பாதி பாட்டிலை மூடி வைத்து மறுநாளும், அதற்கு மறுநாளும் சுவைத்துப் பாருங்கள். காற்றுப் பட்டு இரண்டாம் நாள் விரிந்து, மூன்றாம் நாளும் புதுமை குன்றாமல் நிற்கும் ஒயினுக்கு உள்ளே சரக்கு இருக்கிறது. திறந்த பாட்டிலின் ஆக்சிஜன் வேகமும் மூடிய பாட்டிலின் மெல்லிய முதிர்ச்சியும் ஒன்றல்ல, ஆகவே ‘ஒரு நாள் நின்றால் ஐந்து வருடம்’ என்பது போன்ற கணக்குகளை நம்ப வேண்டாம். ஆனால் ஒரே இரவில் சரிந்துபோகும் ஒயினை இருபது வருடம் வைக்கச் சொல்பவரையும் நம்ப வேண்டாம்.

ஆஸ்திரேலிய ஒயின் போட்டிகளில் நெடுங்காலம் இருபதுக்குத்தான் மதிப்பெண்: தோற்றத்துக்கு 3, மணத்துக்கு 7, வாய்ச்சுவைக்கு 10. பாதி எடையை வாய்க்குக் கொடுத்த அந்த விகிதம் எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது. ஆனால் உங்கள் சொந்தக் குறிப்பில் மதிப்பெண்ணைவிடப் பயன்படுவது இரண்டு வருடங்கள்: எப்போது திறக்கத் தொடங்கலாம், எப்போதைக்குள் முடிக்க வேண்டும். அந்த ஊகத்துக்கு ஒரு வரிக் காரணமும் எழுதுங்கள். ‘நடு நிறைவு, புளிப்பு போதும், துவர்ப்பு நுண்மை, ஓக் சற்று அதிகம்’ என்பது போல. அறுவடை ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பரோசாவில் 2010, 2012 பெரிதும் புகழப்பட்ட ஆண்டுகள். நடுவே 2011 மழையும் குளிரும் நோயும் மிகுந்தது. ஒரே தோட்டத்தின் இந்த மூன்று ஆண்டுகளையும் அடுத்தடுத்துச் சுவைக்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

வைக்கும் இடம் சரியில்லை என்றால் இவ்வளவு கவனமாக எழுதிய ஊகமும் வீண். 12 முதல் 15 டிகிரிக்குள், ஏற்ற இறக்கமில்லாமல், இருட்டில் இருக்க வேண்டும். தக்கை போட்டதானால் படுக்கவைக்க வேண்டும். பரோசாவின் சிறந்த ஷிராஸ்கள் பல இப்போது திருகுமூடியோடு வருகின்றன. மூடியைப் பார்த்து மலிவென்று நினைக்க வேண்டாம், தக்கைக் கோளாறிலிருந்து அது முழுமையாகக் காக்கிறது. சமையலறை அலமாரியில், கோடை முழுக்க வெந்த பாட்டில் நான்கு வருடத்தில் முதுமையடையும், முதிர்ச்சியடையாது. குளிர்பெட்டி வசதி இல்லாத வீட்டில் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை, வைத்து முதிரவிடும் ஆசையை விட்டுவிட்டு, நல்ல கிடங்குள்ள வியாபாரியிடம் ஏற்கெனவே முதிர்ந்த பாட்டிலை வாங்குவதுதான்.

வசதி இருப்பவர்கள் ஒரே ஒயினில் மூன்று பாட்டிலாவது வாங்குங்கள். ஒன்றை இப்போதே திறந்து குறிப்பெழுதுங்கள். இரண்டாவதை ஐந்து வருடம் கழித்தும், மூன்றாவதை நீங்கள் எழுதிய கடைசி வருடத்துக்குச் சற்று முன்பும் திறங்கள். ஒவ்வொரு முறையும் புதிய குறிப்பை எழுதி முடித்த பிறகே பழையதை எடுத்துப் படியுங்கள். முன்பே படித்தால் மூக்கு அதைத்தான் திருப்பிச் சொல்லும்.